ஆண்ட்ரூ வார்கோ வாங்கிய கார்

என் அப்பா செத்து இரண்டு வருஷம் கழித்து ஒரு சொகுசு கார் வாங்கினார். வாங்க வைத்தவள் நான்தான்.

ஒஹையோவில், டொலிடோவுக்கு மேற்கே, ஹார்விக் கார் விற்கும் ஷோரூமில் எனக்கு வேலை. விற்கிற வேலை இல்லை. விற்ற வண்டியைக் கம்பெனியின் கம்ப்யூட்டரில் பதிகிற வேலை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். புள்ளியியல் படித்தேன். படித்த படிப்புக்கு, வாங்கியவர் பெயர், முகவரி, சேசிஸ் எண், தேதி என்று நாலு கட்டத்தை நிரப்புகிற உத்தியோகம் கிடைத்தது. அதற்கே அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

எங்கள் ஷோரூமுக்கு நேர் எதிரே லோரன்ட் ஷோரூம். நாட்டில் சொகுசு செடான் விற்பனையில் யார் முதலிடம், ஹார்விக்கா லோரன்டா என்பதுதான் இரண்டு கம்பெனிக்கும் வருஷம் பூராவும் பேச்சு. மூன்றாவதாக வருகிறவனை யாரும் சட்டை செய்வதில்லை. இதில் கேவலம் என்னவென்றால் செடானை இப்போது யாரும் வாங்குவதில்லை. வசதி இருக்கிறவன் ஏணி வைத்து ஏறுகிற மாதிரி உயரமான வண்டியாகப் பார்த்து வாங்குகிறான். செடான்கள் பின் வரிசையில் பனியைச் சுமந்துகொண்டு நிற்கும். யாருக்கும் வேண்டாத ஒன்றில் யார் முதல் என்ற சண்டை. வேண்டாததாக இருப்பதால்தானோ என்னவோ, அவ்வளவு வெறி.

விற்பனைக் கணக்கில், ஜனவரி இரண்டாம் தேதி மாலை ஐந்து மணிவரை எங்களுக்கு டிசம்பர்தான். அன்று மதியம் மேனேஜர் கர்ட் லிண்டால் என் மேஜைமேல் வந்து உட்கார்ந்தார். நாற்காலியில் உட்கார அவருக்குத் தெரியாது.

"ஒஹையோ, மிச்சிகன் ரெண்டும் சேர்ந்து லோரன்ட்கிட்ட அறுபது செடான் பின்னாடி நிக்கறோம். நம்ம ஷோரூம் பங்கு பதினாலு. அஞ்சு மணிக்குள்ள அடிச்சாகணும்."

விற்காத வண்டியை விற்றதாகக் கம்ப்யூட்டரில் தட்டிவிடுவதைத்தான் எங்கள் தொழிலில் அடிப்பது என்பார்கள்.

"பதினாலு பேர் வாங்க வந்திருக்காங்களா?"

"வெளிய பாரு. எப்படிக் கொட்டுது பனி! எந்தக் கிறுக்கன் வருவான்?"

"அப்ப யாருக்கு வித்ததா போடறது?"

"இருக்கற பேரைப் போடு. என் மச்சான் பேரைப் போடு, உன் சித்தப்பன் பேரைப் போடு. கம்ப்யூட்டர் என்ன, முகத்தைப் பாத்தா எழுதிக்குது?"

"எதிர்க் கடையிலயும் இதே வேலைதானா?"

"அவனுங்க காலைல பத்து மணிக்கே ஆரம்பிச்சிட்டானுங்க, காலேஜு. நீ இன்னும் கேள்வி கேட்டுட்டு உக்காந்திருக்க."

காலேஜு என்பது நான். கல்லூரிக்குப் போகாத மனிதர் அவர். அந்த வார்த்தையைக் காறித் துப்புகிற மாதிரிதான் சொல்வார்.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடேயே அடித்தேன். கோபப்பட்டுவிட்டால் தப்பில் எனக்குப் பங்கு இல்லை என்று ஒரு நினைப்பு எனக்கு ரொம்ப நாளாக உண்டு. கர்ட்டின் மச்சான், வரவேற்பில் இருக்கும் ரெனாட்டாவின் புருஷன், என் சித்தப்பா, அவர் பிள்ளைகள் என்று பதிமூன்று வண்டி போனது. பதினாலாவதற்குப் பெயர் இல்லை. மணி நாலு ஐம்பது. தபால்துறைக்குத் தெரிந்த முகவரி ஒன்று இருந்தால் போதும், கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளும். உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கிற கட்டம் அதில் கிடையாது.

ஆண்ட்ரூ வார்கோ என்று அடித்தேன். கரு நீல செடான், சேசிஸ் எண்ணின் கடைசி நாலு இலக்கம் 4471.

அப்பா எங்கள் ஊர் மௌமி ஆற்றுத் துறையில் கப்பலுக்கு நிலக்கரி ஏற்றியவர். அவருடைய பிக்கப் வண்டியில் காலுக்குக் கீழே துரு தின்ற ஓட்டை வழியாக ரோடு ஓடுவது தெரியும். ஒரு தடவை இந்த மாதிரிக் காரை சிக்னலில் பார்த்துவிட்டு, "இதுல ஏறணும்னா குளிச்சிட்டுத்தான் வரணும்போல" என்றார். அவருக்கு ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டது போல அன்றைக்கு எனக்கு இருந்தது. சொல்ல வெட்கம்தான். ஆனாலும் இருந்தது.

மறுநாள் பலூன் கட்டினார்கள். ஒன்பது வண்டி வித்தியாசத்தில் எங்கள் வட்டாரம் முதலிடம். கர்ட் என் தோளில் தட்டி, கூடத்தில் எல்லாரும் கேட்க, "காலேஜு ஜெயிக்க வச்சிட்டா" என்றார்.

பதினாலு வண்டியும் பின் வரிசையில் நின்ற இடத்திலேயே நின்றன. கணக்குப்படி அவை போய்விட்டவை. அதனால் கையிருப்புப் பட்டியலில் இல்லை. சர்வீஸுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் மாற்று வண்டிகளின் பட்டியலிலும் இல்லை. கர்ட்டின் மேஜை இழுப்பறையில் ஒரு மஞ்சள் தாளில் மட்டும் இருந்தன. சாவிகளைச் சுவரில் தனிக் கொக்கிகளில் மாட்டிவைத்தார்கள். மாற்று வண்டிக்குத் தட்டுப்பாடு வந்தால் அதில் ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள்.

ஜனவரி நடுவில் அப்படி ஒன்று மிஸ்டர் ஹாஸ்கின்ஸுக்குப் போயிற்று. எங்களிடம் ஆசைப்பட்டு செடான் வாங்குகிற ஒரே ஜீவன் அவர்தான். இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். "உசரத்துல உக்காந்து ஓட்டினது போதும்மா. இனிமே தரையோட ஒட்டித்தான் போவேன்" என்பார். அவருடைய காருக்கு ஒரு பாகம் வரவேண்டியிருந்தது, அது வருகிற வழியாக இல்லை. ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவர் போர்ட் கிளின்டன் போயாக வேண்டும். மனைவி அங்கே முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். சர்க்கரை தூவிய டோனட் இரண்டு வாங்கிப் போவார். அவள் இவரை யாரென்று கேட்டுவிட்டு டோனட்டைச் சாப்பிடுவாளாம்.

4471இன் சாவியை நான்தான் அவர் கையில் கொடுத்தேன். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"யார் வண்டிம்மா இது? பிளாஸ்டிக் கூடப் பிரிக்கலை."

"எங்க வண்டிதான், மிஸ்டர் ஹாஸ்கின்ஸ்."

"எனக்கு ஏத்த வண்டி. என் வண்டி வர இன்னும் ஒரு மாசம் ஆனாக்கூடச் சண்டை போடமாட்டேன்."

பத்து நாள் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. ஸ்டீயரிங்கில் ஏதோ லேசாகத் தட்டுகிறது என்றார். சர்வீஸ் ஆட்கள் 'குளிர்' என்று எழுதி வைத்தார்கள். எங்கள் ஊரில் ஜனவரியில் எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம்.

பிப்ரவரி முதல் வாரம் கம்பெனியிடமிருந்து ஓர் உத்தரவு வந்தது. குறிப்பிட்ட சில மாதங்களில் செய்த செடான்களை, பழுது பார்க்கும்வரை விற்காதே, வெளியே விடாதே என்று. கர்ட் தன் அறையிலிருந்தே கத்தினார்.

"காலேஜு! நம்ம கையிருப்புல எத்தனை?"

தேடினேன். "பூஜ்யம்."

"கும்பிடு போடு."

நான் கும்பிடு போடவில்லை, ஆனால் நிம்மதியாகக் காபி குடித்தேன். புள்ளியியல் படித்தவள் நான். ஒரு பட்டியலில் பூஜ்யம் வந்தால், அந்தப் பட்டியலில் யார் யார் இல்லை என்று முதலில் கேட்க வேண்டும் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள். பின் வரிசை என் ஜன்னலிலிருந்தே தெரியும். விற்றுவிட்டோம் என்று நானே அடித்ததை நானே நம்பியிருக்கிறேன். இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்குத்தான் இந்த முட்டாள்தனம் வாய்க்கும்.

ஒன்பது நாள் கழித்து, வியாழக்கிழமை, பகல் ஒன்றேகால் மணிக்கு அம்மா போன் செய்தாள். பின்னால் கோழி பாப்ரிகாஷ் குழம்பு கொதிக்கிற சத்தம் கேட்டது.

"ஏண்டி இலோனா, உங்கப்பாவுக்கு ஒரு கடுதாசி வந்திருக்கு."

"என்ன கடுதாசி?"

"அவரு ஹார்விக் காரு வாங்கினாராமே. எனக்குத் தெரியாம எவளுக்கு வாங்கிக் குடுத்தாரோ, கடன்காரன்!" அம்மா சிரித்தாள்.

"அம்மா, சிரிக்காதே. படி."

கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து எழுத்தெழுத்தாகப் படித்தாள். அன்புள்ள உரிமையாளருக்கு. தங்கள் வண்டியில் ஸ்டீயரிங் தண்டைப் பிடித்திருக்கும் போல்ட் குளிரில் விரிசல் விட வாய்ப்புள்ளது. முதலில் லேசான தட்டல் உணரப்படலாம். அதன்பின் முன்னறிவிப்பின்றிச் சக்கரங்கள் கட்டுப்பாட்டை இழக்கும். தயவுசெய்து வண்டியை ஓட்ட வேண்டாம்.

"கீழ ஒரு நம்பர் போட்டிருக்குடி. சர்க்கார் நம்பராம். புகார் இருந்தா கூப்பிடலாமாம்."

நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

"இப்ப இதை என்ன பண்றது? கல்லறைல கொண்டுபோய் வச்சிட்டு வரவா?"

பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டுச் சுவருக்குப் போனேன். பதினாலு கொக்கி. அதில் எட்டில் சாவி இல்லை. 4471 இருந்த கொக்கியும் காலி. இன்று வியாழன்.

கர்ட்டின் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தேன். சொன்னேன். முகம் வெளுத்தது என்னவோ நிஜம். அதற்கப்புறம் மேனேஜர் ஆகிவிட்டார்.

"அந்தப் பதினாலையும் விக்கலைன்னு மாத்துங்க கர்ட். இப்பவே. எட்டு வண்டி ரோட்டுல இருக்கு."

"மாத்தினா ஏன்னு கம்பெனிக்காரன் கேப்பான். பதினாலு போனா ஒம்பது வண்டி வித்தியாசம் எங்க நிக்கும்? நம்மளைப் பாத்துட்டு மத்த ஷோரூம் எல்லாத்தையும் தோண்டுவான். மொத்த வட்டாரமும் நாறும்."

"மிஸ்டர் ஹாஸ்கின்ஸ் எங்க நிப்பாரு?"

"கத்தாதே. அவரைக் கூப்பிடு. இனிக்க இனிக்கப் பேசு. உங்களுக்காக இன்னும் பெரிய வண்டி ஒண்ணு ஒதுக்கியிருக்கோம், இலவசமா, உடனே வாங்கன்னு சொல்லு. கடுதாசி பத்தி வாயைத் திறக்காதே. மத்த ஏழு பேரை ஒவ்வொருத்தரா நான் பாத்துக்கறேன்."

கூப்பிட்டேன். நாலாவது மணியில் எடுத்தார். எஞ்சின் ஓடுகிற சத்தம்.

"மிஸ்டர் ஹாஸ்கின்ஸ், ஷோரூம்லேருந்து இலோனா பேசறேன். உங்களுக்காக இன்னும் பெரிய வண்டி ஒண்ணு ஒதுக்கியிருக்கோம். இலவசமா. இப்பவே வந்தீங்கன்னா..."

வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போயிற்று. அந்தக் கூடத்தில் தினமும் கேட்டுக் கேட்டுப் பழகிய பேச்சு.

"பெரிசெல்லாம் வேணாம்மா. நான்தான் சொல்லியிருக்கேனே. எனக்கு இதே போதும். இப்பதான் வீட்டு வாசல்லேருந்து கிளம்பறேன். வண்டி நகர ஆரம்பிச்சா நான் போன் பேசமாட்டேன், இருபத்தெட்டு வருஷப் பழக்கம். வச்சிடறேன்."

"மிஸ்டர் ஹாஸ்கின்ஸ், இருங்க..."

வைத்துவிட்டார். மறுபடி அடித்தேன். ஒன்பது தடவை. பஸ் நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓட்டிய மனிதர், எடுக்கமாட்டார். கிடைத்த ஒரே ஒரு அழைப்பை ஒரு பொய்யில் செலவழித்துவிட்டேன். 'நிறுத்துங்க, ஸ்டீயரிங் உடையும்' என்று நாலு வார்த்தை போதுமாக இருந்திருக்கும்.

கோட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். கர்ட் பின்னால் ஏதோ சொன்னார். மிஸ்டர் ஹாஸ்கின்ஸ் டோனட் வாங்க வழியில் நிற்பார், பிடித்துவிடலாம். அப்பாவின் பிக்கப்தான் இப்போது எனக்கு. மூன்றாவது முடுக்கில்தான் கிளம்பியது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டி இரண்டாம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே விட்டேன். இடது பக்கம் ஏரி, உறைந்து, வானத்தோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஏரிக் காற்று பனித்தூளை ரோட்டின்மேல் பாம்பு பாம்பாக விரட்டியது. தூரத்தில் அணுமின் நிலையத்தின் கோபுரம் வெள்ளையாகப் புகைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தை எட்டிப் பார்த்தேன். கரு நீலமாக ஏதாவது தெரிகிறதா என்று.

கோபுரத்தைத் தாண்டுவதற்கு முன்னால் அவரைப் பிடித்தேன். ஐம்பது மைல் வேகத்தில், கோடு போட்ட மாதிரி நேராகப் போய்க்கொண்டிருந்தார். அவருடைய தொப்பி தெரிந்தது. ஹாரனில் கை வைத்தேன். எடுத்துவிட்டேன்.

ஹாரன் அடித்தால் வழிவிடுவார். வழிவிட ஸ்டீயரிங்கைத் திருப்புவார். திருப்புகிற அந்தக் கணத்தில்தான் அது உடையும் என்றால்?

பின்னாலேயே போனேன். என் காலடி ஓட்டை வழியாகப் பனியும் தாருமாக ரோடு ஓடிக்கொண்டிருந்தது. எதிரே, பனி உருக ரோட்டில் உப்புத் தூவுகிற லாரிகள் வந்தன. ஒவ்வொரு லாரி நெருங்கும்போதும், நீலக் கார் நடு ரோட்டு மஞ்சள் கோட்டைத் தாண்டப் போகிறது என்று என் கால் பிரேக்குக்குப் போயிற்று. தாண்டவில்லை. அடுத்த லாரி வந்தது. இன்னும் ஒரு மைலில் வலது வளைவு. அந்த ரோட்டை எனக்குத் தெரியும்.

எதிர்ப்பக்கம் காலியானதும் அவரைத் தாண்டினேன். நன்றாக முன்னால் போய், ஆபத்து விளக்குகளைப் போட்டுக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைத்தேன். நடு ரோட்டிலேயே நின்றேன். வழியில் நின்றுபோன வண்டியைத் தாண்டிப் போக ஒரு பஸ் டிரைவருக்கு மனசு வராது என்று பந்தயம் கட்டினேன். கண்ணாடியில் பார்த்தேன். அவரும் வேகத்தைக் குறைத்தார், நேராக, பதற்றமில்லாமல். என் வண்டிக்கு இருபதடி பின்னால் நின்றது கார். அவருடைய விளக்குகளும் மின்ன ஆரம்பித்தன.

இறங்கி ஓடினேன். கண்ணாடியை இறக்கினார்.

"நீயாம்மா? என்னாச்சு, வண்டி நின்னுபோச்சா? இரு, முதல்ல நான் ஓரம் கட்டிக்கறேன்."

"வேணாம், திருப்பாதீங்க!"

நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் கை திருப்பிவிட்டது. ஒரு சின்னச் சத்தம், கரண்டி கீழே விழுந்த மாதிரி. ஸ்டீயரிங் ஒரு சுற்று சுற்றியது. இன்னொரு சுற்று. குழந்தைகளின் பொம்மைக் காரில் இருப்பது போல லேசாகச் சுற்றியது. நான் முன்சக்கரங்களைப் பார்த்தேன். அவை நேராகவே நின்றன.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்து இருக்கையில் டோனட் பை இருந்தது. ரொம்ப நேரம் முன்னால் இருந்த வளைவையே பார்த்தார்.

"யார் வண்டிம்மா இது?" என்றார்.

"எங்கப்பா வண்டி."

"அவருகிட்ட யாரும் சொல்லலையா?"

"கடுதாசி வந்துது. அவரு செத்து ரெண்டு வருஷம் ஆச்சு."

எல்லாவற்றையும் சொன்னேன், காற்றில் கத்திக் கத்தி. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "என் பஸ்ல அறுபது பிள்ளைங்க வரும்மா" என்று மட்டும் சொன்னார்.

அவரை பிக்கப்பில் உட்கார வைத்துவிட்டு, இழுவை வண்டிக்குச் சொன்னேன். அதற்குள் கர்ட்டே கூப்பிட்டார்.

"பிடிச்சிட்டியா? ஆளுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"போல்ட் உடைஞ்சு ஸ்டீயரிங் சும்மா சுத்துது."

"நல்லவேளை. ராசிக்காரி நீ. சத்தமில்லாம இங்க கொண்டு வரச் சொல்லு, போல்ட்டை மாத்திடலாம்."

"மத்த ஏழு பேரு?"

"ரெண்டு பேரு எடுத்தாங்க. பெரிய வண்டி தர்றோம்னேன், சந்தோஷமா நாளைக்கு வர்றேன்னாங்க. மத்தவங்களுக்கு மெசேஜ் போட்டிருக்கேன்."

"நாளைக்கா? இன்னிக்கு எப்படி வீட்டுக்குப் போவாங்க?"

"இலோனா, கேளு. கணக்குப்படி அதெல்லாம் வித்த வண்டி. ஓனருக்குக் கடுதாசி போயிருக்கு. ஓனர் கொண்டு வந்தா நாம பாக்கப் போறோம். நம்ம கடமை அவ்வளவுதான்."

முதல் தடவையாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

எங்கள் வட்டாரத்தில் மட்டும் அடித்தது அறுபது வண்டிக்கு மேல். மற்ற ஷோரூம்களில் யார் பெயரில் அடித்தார்களோ. எந்தெந்தக் கல்லறைக்கு, எந்தெந்தச் சித்தப்பன் வீட்டுக்குக் கடிதங்கள் போய்ச் சேர்ந்தனவோ. உள்ளங்கையைப் பார்த்தேன். வியர்வையில் கடைசி இலக்கம் கலைந்திருந்தது, ஏழா ஒன்றா தெரியவில்லை. ஏழு என்று அடித்தேன். மணி போயிற்று. ஒரு பெண் எடுத்தாள். தேய்ந்த குரலில் ஏதோ வரிகளை ஒப்பித்துவிட்டுக் கேட்டாள்.

"வண்டி யார் பேர்ல இருக்குங்க?"

"ஆண்ட்ரூ வார்கோ."

"நீங்க?"

"அவரோட மக."

"உரிமையாளர் பேசினாத்தான் பதிய முடியும். அவரைக் கூப்பிட முடியுமா?"

"முடியாது. இந்த வண்டியை வாங்கறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே அவரு செத்துட்டாரு. அவரு பேர்ல வாங்கினது நான். என் பேரையும் எழுதிக்கங்க, இலோனா வார்கோ. சேசிஸ் நம்பர் சொல்றேன். மொத்தம் பதினாலு. ஏழு இப்ப ரோட்டுல ஓடிட்டிருக்கு."

அந்தப் பக்கம் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்.

"சொல்லுங்க" என்றாள்.

முதல் எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது டொலிடோ பக்கமிருந்து ஒரு வெள்ளி நிற ஹார்விக் செடான் வந்தது. என் ஆபத்து விளக்குகளைப் பார்த்து வேகத்தைக் குறைத்து, எங்களைச் சுற்றிக்கொண்டு ஒடித்துத் தன் பாதைக்குத் திரும்பி, வளைவை நோக்கிப் போயிற்று. பின் இருக்கையில் ஒரு குழந்தை கண்ணாடியில் உள்ளங்கையை ஒட்டி வைத்திருந்தது. நான் அடித்த பதினாலில் மூன்று வெள்ளி நிறம்.

"மேடம்? அடுத்த நம்பர்?"

வளைவில் பனித்தூள் அடங்குகிறவரை நான் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.